பிறவாதோர் பிரதிநிதி

மக்களாட்சியின் மாண்பு, உயிரோடு இருப்பவர்களுக்கு வாக்குரிமை தந்ததோடு நின்றுவிடவில்லை. பிறக்காதவர்களுக்கும் ஒரு நாற்காலி போட்டது. மரபணுத் திருத்த மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், லிஃப்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே கிடந்த அந்த நாற்காலியில் பதினான்கு ஆண்டுகளாக வீற்றிருந்தவர் 'பிறவாதோர் பிரதிநிதி'. பெற்றோர் படிவத்தில் டிக் அடிப்பார்கள். வரப்போகும் குழந்தையின் சார்பில் 'சம்மதம்' என்று இவர் கையெழுத்துப் போடுவார். இவ்வளவு அடக்கமான கட்சிக்காரர்கள் எந்த வக்கீலுக்கும் வாய்த்ததில்லை.

அன்று வந்தவர்கள் ஒரு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரும், நர்ஸ் வேலை பார்க்கும் அவர் மனைவியும். நர்ஸம்மாவின் பிறந்த வீட்டில் ஒரு ரத்த நோய் உண்டு. அண்ணன் பத்தொன்பது வயதில் அதில்தான் போனார். அந்த நோயை நீக்கத்தான் வந்தார்கள். மாஸ்டரின் பேனா அதோடு நிற்கவில்லை. உயரம், கணக்கு, குறட்டையின்மை என்று வரிசையாக இறங்கி, எல்லாப் பெற்றோரும் தவறாமல் டிக் அடிக்கும் கடைசிக் கட்டத்தில் வந்து நின்றது: 'எதிர்த்துப் பேசாமை'.

"இது பிரேக் மாதிரிம்மா. இருக்கட்டும்," என்றார் மாஸ்டர்.

"ஆமா, டிரைவிங் ஸ்கூல் கார்ல மாதிரி உங்க கால் பக்கம் இருக்கிற பிரேக்," என்றார் நர்ஸம்மா.

பிரதிநிதி பேனா மூடியைத் திறந்தார். நர்ஸம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"குழந்தை சார்பா போடுறீங்களே, அதுகிட்ட கேட்டீங்களா சார்?"

"அது இன்னும் பிறக்கலையேம்மா."

"பிறந்த பிறகு?"

"அப்போ கேட்டு என்ன ஆகப்போகுது? அதான் போட்டாச்சே."

நர்ஸம்மா கணவரின் கையிலிருந்து பேனாவை வாங்கினார். "எங்க அண்ணன் கடைசி நாள் வரைக்கும் டாக்டரோட மல்லுக்கட்டினான். அவன் நோயைத்தான் எடுக்க வந்தோம். வாயை எடுக்க வரல." நோய்க்கான டிக்கை மட்டும் விட்டுவிட்டு, மற்ற டிக்குகள் எல்லாவற்றையும் கோடு கிழித்து நீக்கினார். மாஸ்டர் சுவரிலிருந்த கொழுகொழு குழந்தைப் படத்தை ஆராயத் தொடங்கினார்.

ஒற்றை டிக் உள்ள படிவத்தில் பிரதிநிதி கையெழுத்திட்டது அதுவே முதல் தடவை.

நர்ஸம்மாவின் கேள்வி மட்டும் செருப்புக்குள் புகுந்த கல்லாக அவரை உறுத்தியது. அடுத்த வாரம் மருத்துவமனையின் ஆண்டு விழா. முதல் தொகுதிக் குழந்தைகள் இருநூறு பேர், எல்லாருக்கும் பதிமூன்று வயது, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல் உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் தம் 'சாதனை'யை முழங்கி முடித்ததும் பிரதிநிதி மைக்கைப் பிடித்தார்.

"உங்களுக்காக நான் போட்ட கையெழுத்து உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்," என்றன இருநூறு குரல்களும் ஒன்றாக.

அவருக்குக் கண் கலங்கியது. அத்தோடு இறங்கியிருக்கலாம். இன்னொன்றும் கேட்டார்.

"அது தப்புன்னு நான் சொன்னா?"

"சம்மதம்."

"அப்போ யாராவது ஒருத்தர் எழுந்து என்னைத் திட்டுங்களேன்."

"சம்மதம்," என்றார்கள். அவர் காத்திருந்தார். யாருக்கும் திட்டத் தெரியவில்லை.

இயக்குநர் நடவடிக்கைக் குறிப்பில் 'எதிர்ப்பின்றி, ஏகமனதாக' என்று எழுதி நீட்டினார். குழந்தைகள் கையெழுத்திட வேண்டிய இடம் காலியாக இருந்தது. இருநூறு பேரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பிரதிநிதி, ஒருவராவது தடுப்பார்களா என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவர்கள் சார்பில் கையெழுத்துப் போட்டார்.