மைலுக்கு ஒரு தகரம்

வட்டகொடையிலருந்து நுவரெலியாவுக்கு நடந்தே போகப் போறேன்னு நாங்க குடியிருக்கிற லயத்து வாசல்ல நின்னு சொன்னேன். சும்மா இல்ல, தர்மத்துக்கு. எங்க தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்குக் கூரை போடணும். கொழுந்தெடுக்கப் போற பொம்பளைங்க கைக்குழந்தைகள விட்டுட்டுப் போற எடம் அது. மழை பேஞ்சா வெளியவிட உள்ளதான் அதிகமாப் பெய்யும். என் மக சுலக்ஷனாவோட குழந்தையும் அங்கதான் தொட்டில்ல கிடக்கு. நெஞ்சுச்சளி விட்டபாடில்ல.

நுவரெலியாவுல ஹாட்வெயார் கடை வச்சிருக்கிற பைஸர் மொதலாளி, "நடங்க கங்காணியார், மைலுக்கு ஒரு தகரம் நான் தாறன்"னு வாக்குக் குடுத்தாரு.

உங்ககிட்ட என்ன ஒளிவு. எனக்குக் கூரையவிட மாலை மேலதான் கண்ணு. அடுத்த மாசம் தோட்டத் தலைவர் தெரிவு. தகரம் கொண்டாந்தவனை விட்டுட்டு வேற எவனத் தலைவராக்குவாங்க? 'அழகன் கங்காணியின் அறப்பயணம்'னு படம் போட்டு ஒரு பேனரும் அடிச்சாச்சு. படத்துல எனக்கு முடி நெறைய இருந்துச்சு.

என் சம்சாரம் வீரம்மா மட்டும் பேனர ஒரு பார்வை பார்த்துட்டுக் கூடையத் தூக்கிட்டுப் போயிட்டா. அவளும் என்கிட்டதான் கொழுந்தெடுக்குறா. நாந்தான் கொழுந்த நிறுத்துப் பேர் போடுறேன். நிறுவை குறைஞ்சா அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். பேரப்புள்ளைக்கு மூச்சு முட்டுதுன்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடி, ஒருநாள் லேட்டாக் கொழுந்து மலைக்கு வந்தா. அன்னைக்கும் அரைப்பேர்தான் போட்டேன். தராசுகிட்ட புருசனென்ன பொண்டாட்டியென்னன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னேன்.

ஞாயித்துக்கிழமை காலையில சப்பாத்துப் போட்டுக்கிட்டு நின்னேன்.

"ரொட்டி கட்டித் தரவாங்க?"

"ஒண்ணு போதும்."

"அம்புட்டுத் தூரத்துக்கு ஒண்ணா?"

"மனசு நெறைஞ்சிருந்தா வயிறு கேக்காது வீரம்மா."

"தண்ணிப் போத்தல்?"

"சொமை."

"குடையாவது?"

"நனைஞ்சாதான் தர்மம்."

"சரிங்க. கால் நோகாமப் போயிட்டு வாங்க."

கால் நோகாமன்னு சொன்னப்பவே நான் உஷாராகியிருக்கணும்.

என் திட்டம் இதுதான். தலவாக்கலை வரைக்கும் நடப்பேன். எங்க ஸ்டேசன்ல ஏறுனா ஊரே பார்த்துரும், அதனால அங்க ரயில் ஏறுவேன். நானுஓயாவுல எறங்கி, சப்பாத்துல கொஞ்சம் சேத்தப் பூசிக்கிட்டு, நொண்டி நொண்டி பைஸர் கடைக்குப் போவேன். நொண்டுறதுக்கு லயத்துக்குப் பின்னால ஒத்திகைகூடப் பார்த்தாச்சு.

ரயில்ல சன்னலோரம் இடமும் கிடைச்சுது. கொஞ்ச தூரம் போனதும் நின்னுருச்சு. முன்னால தண்டவாளத்துல மண் சரிஞ்சு கிடக்காம். இந்தா எடுத்துருவாங்கன்னாங்க. ரொட்டியத் தின்னேன். தூங்கிட்டேன்.

யாரோ சன்னலத் தட்டுனாங்க. முழிச்சுப் பார்த்தா வீரம்மா. தண்டவாளத்த ஒட்டுன குறுக்குப்பாதையில அவளுக்குப் பின்னால எங்க கொழுந்துக்காரப் பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் செருப்புக் காலோட நிக்கிறாங்க.

"டிக்கெட்டு எடுத்தீங்களா?"ன்னு கேட்டா.

"நீ எங்க இங்க?"

"தகரத்துக்கு. தொட்டில்ல ஒழுகுதுங்க."

"அதுக்குத்தான் நான் நடக்கிறேன்ல?"

"அதான் தெரியுதே."

"யாரு சொன்னா உனக்கு?"

"நடக்கப் போற மனுசன் முந்தாநாள் ஸ்டேசன்ல ரயில் நேரத்த ஏங்க விசாரிக்கணும்? பைஸர் மொதலாளிக்குப் போன் போட்டேன். யாரு நடந்தாலும் மைலுக்கு ஒண்ணு, ரயில்ல வந்தா ஒண்ணும் இல்லன்னாரு. நீங்க தூங்குங்க."

போயிட்டா. நானும் எறங்கிப் பின்னாலயே ஓடியிருக்கலாம். ரயில் இப்பக் கெளம்பிரும், அவளுங்களுக்கு முன்ன போயிரலாம்னு உக்காந்திருந்தேன். அந்தப் புத்திய செருப்பாலதான் அடிக்கணும்.

மண்ண எடுத்து ரயில் கெளம்பி, நான் பைஸர் கடைக்குப் போய்ச் சேர்றப்ப பொழுது சாஞ்சுருச்சு. நொண்டவும் மறக்கல. லொறியில தகரம் ஏத்தியாச்சு. மாலை வீரம்மா கழுத்துல. தகரம் நனையாம இருக்க, அவளுங்க கையோட கொண்டாந்த என் பேனரத்தான் மேல விரிச்சிருந்தாங்க. என் மூஞ்சியில மழை பேஞ்சுக்கிட்டிருந்துச்சு.

"நீங்க குடுத்து வச்சவர் கங்காணியார்"னு பைஸர் கையப் புடிச்சாரு.

வீரம்மா குதிகால் வெடிச்சு ரத்தம் கசிஞ்சுது. அதப் பார்த்தும் எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு.

"பெரிய சாதனைதான்"னேன்.

"என்ன சாதனை? முதுகுல கூடையோட தெனமும்தான் ஏறி எறங்குறோம். இன்னைக்குத்தான் ஒருத்தரு அதுக்குத் தகரம் குடுத்திருக்காரு."

பொம்பளைங்க லொறியில ஏறுனாங்க. நானும் ஒரு காலத் தூக்கி வச்சேன். வீரம்மா மேலருந்து அந்தக் காலப் பார்த்தா. தராசப் பார்த்து நான் பேசுற அதே கொரல்ல பேசுனா.

"தலவாக்கலை வரைக்கும்தான நடந்தீங்க? நிறுவை பத்தாது. அரைப்பேர்."

"கட்டுன புருசன்கிட்ட பேசுற பேச்சாடி இது?"

"தராசுகிட்ட புருசனென்ன பொண்டாட்டியென்ன? நீங்க சொன்னதுதாங்க. புள்ளைக்கு மூச்சு முட்டுன அன்னைக்கு. மிச்சத்தையும் நடந்துட்டு வாங்க, முழுப்பேர் போடுறேன்."

லொறி கெளம்பிருச்சு. கடைசி பஸ்ஸும் போயிருந்துச்சு. விடிய விடிய நடந்தேன். வட்டகொடைக்கு வந்து சேர்றப்ப நெசமாவே நொண்டுனேன், பார்க்கத்தான் ஒருத்தரும் இல்ல.