குடை என்ன நிறம், மைத்துனரே?

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். பிறர் நிம்மதியைக் கெடுத்தவர்களுக்குச் சளிகூடப் பிடிப்பதில்லை. உங்கள் தங்கை உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது. அவளை அனுப்பி வையுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. எனக்கு ஒரு தகவல் வேண்டும், அவ்வளவுதான்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில், பேருந்து நிறுத்தத்தில், மழையில் எங்கள் இருவரையும் ஒரே குடைக்கடியில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தீர்கள். எல்லாரும் கலர் படம் எடுத்த காலத்தில், கறுப்பு வெள்ளைதான் கலை என்று எனக்கு வகுப்பு எடுத்துவிட்டு, என் நெற்றியையும் பாதியில் வெட்டினீர்கள். அதையெல்லாம் நான் மறந்துவிட்டேன். அந்தப் படத்துக்குக் கம்ப்யூட்டரில் வண்ணம் ஏற்றிக் கூடத்தில் மாட்டலாம் என்று உட்கார்ந்தேன். குடைக்கு நீலம் கொடுத்தேன். அது குடையோடு நிற்காமல் மழை, பேருந்து, அவள் முகம், என் மீதி நெற்றி என்று இறங்கி, இருவரும் மைப்புட்டிக்குள் விழுந்து எழுந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டோம். மகளுக்கு ஃபோன் போட்டேன். குடையைச் சுற்றி முதலில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ள வேண்டுமாம். அவளுடைய வாத்தியார்த்தனம் உங்கள் வழி வந்தது. கோடு போட்டேன். துணி ஒழுங்காக வந்தது. கைப்பிடியில்தான் தகராறு. பிடித்திருப்பது உங்கள் தங்கை கை, அதன்மேல் என் கை. பெரிதாக்கிப் பார்த்தால் எது யார் விரல் என்று தெரியவில்லை. நீலம் விரல்களிலும் ஏறியது. போகட்டும் என்று விட்டுவிட்டு, பெருமையாக உங்கள் தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அது நான் உங்களுக்கு முதல்முதலா வாங்கிக் குடுத்த குடைங்க. நீலமா அது?"

"பின்னே என்ன நிறம்?"

"அதை நீங்க சொல்லுங்க" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அன்றிலிருந்து பச்சை, மஞ்சள், அரக்கு எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். குடையின் நிறம் மாற மாற அவள் முகமும் மாறுகிறது. மஞ்சளில் சிரிக்கிற மாதிரி இருக்கிறது, காலையில் பார்த்தால் இல்லை. நிறத்தின் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் பழைய சாம்பல்தான் மிஞ்சுகிறது. வீட்டில் இப்போது அந்த நிறத்துக்குப் பஞ்சமே இல்லை.

அந்தக் குடையை நேரில் பார்த்த மூன்றாவது ஆள் நீங்கள். என்ன நிறம் என்று ஒரு வரி எழுதுங்கள். வேறெதுவும் வேண்டாம். சாப்பாட்டுக்குக் குறையில்லை, நானே சமைக்கிறேன்; பக்கத்து வீட்டு நாய்தான் எங்கள் வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டது.

உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் கேமராவுக்குக் கிடையாது. இதைத் தங்கையிடம் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
பாதி நெற்றியோடு,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: உங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களை அவள்தான் முதலில் பிரிப்பாள் என்று எனக்குத் தெரியும். இங்க பாரும்மா, உங்க அண்ணன் நிறத்தைச் சொன்னாலும் எனக்கு வேணாம். குடையைச் சாம்பலாவே விட்டு வச்சிருக்கேன், நீயே வந்து போடு. விரல்ல ஏறின நீலத்தை மட்டும் அழிச்சிடாதே.