மேடைக்குப் போன மண்

தெருவில் ஒரு பள்ளம் தோண்டினால் அதை மூடவும் வேண்டும் என்பது, விவரம் தெரியாதவர்கள் நினைத்துக்கொண்டிருக்கும் விஷயம். பொதுப்பணித் துறையில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. தோண்டுவது ஒரு பணி, மூடுவது வேறொரு பணி. இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு, தனித்தனி அதிகாரி, தனித்தனி ஜீப்பு.

சாரம் என்கிற பகுதியில் ஒரு முட்டுச்சந்து. அதன் கடைசி வீடு பிரிஸ்கில்லாவுடையது. பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் அவள் வாசலில் ஆட்கள் வந்து தோண்டினார்கள். ஆறடி ஆழம், நாலடி அகலம். தோண்டிய மண்ணை அன்றைக்கே லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. ஒரு கூடை மண்கூடத் தெருவில் சிந்தவில்லை. "வேலைன்னா இது வேலை" என்று தெருவே கைதட்டியது. பிரிஸ்கில்லாவும் தட்டினாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த மாதமே அவள் வீட்டுக்காரர் யூஜின் அதில் விழுந்தார். இடுப்பு எலும்பில் ராடு வைத்து ஸ்குரூ போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நாலு பேர் நாற்காலியோடு தூக்கிப் பள்ளத்தின்மேல் போட்ட பலகையில் கடக்கும்போது பலகை முறிந்தது. ராடு நின்றது, ஸ்குரூ கழன்றது. அதைச் சரிசெய்ய மெட்ராசிலிருந்து பெரிய டாக்டர் ஒருவர் வருகிறார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். வருகிற திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு யூஜின் அவர் முன்னால் இருக்கவேண்டும்.

"இன்னொரு தடவை தூக்கிக் கீக்கிப் போட்டீங்கன்னா நாங்க பொறுப்பில்ல. சக்கர நாற்காலியில வெச்சு, ஆடாம அசையாமக் கொண்டாங்க" என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

ஆக, திங்கட்கிழமைக்குள் பள்ளம் மூடியாகவேண்டும். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூர். பிரிஸ்கில்லா மாதாவிடம் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை துறைக்குப் போனாள்.

அங்கே எழுத்தர் கமலக்கண்ணன் இருந்தார். நல்ல மனிதர். உட்காரச் சொல்லிவிட்டுப் பெரிய பதிவேட்டைப் புரட்டினார்.

"சாரத்துல நாங்க எதுவும் தோண்டலையேம்மா."

"ஆறடி இருக்குது சார்."

"இருக்கலாம். பதிவுல இல்ல. வேலை முடிஞ்சாத்தான் பதிவுல ஏறும். பள்ளத்த மூடினாத்தான் வேலை முடிஞ்சதா அர்த்தம். நீங்க மூடிட்டு வாங்க, தோண்டினதா இப்பவே எழுதிடறேன்."

"எங்க வீட்டுக்காரரு அதுலதான் சார் விழுந்தாரு."

"தோண்டாத பள்ளத்துல எப்படிம்மா விழுவாரு?" என்றார் கமலக்கண்ணன். கிண்டல் இல்லை. உண்மையிலேயே அவருக்கு அது புரியவில்லை.

பிரிஸ்கில்லா எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவருக்கே பாவமாக இருந்திருக்கும். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உதவிப் பொறியாளர் தெய்வசிகாமணின்னு ஒருத்தர். அவரு மனசு வெச்சா நடக்கும். ஆனா ஆளு இங்க இல்ல. மாநாட்டுப் பணி."

"கட்சி மாநாட்டுல கவர்மெண்டு ஆளுக்கு இன்னா சார் வேலை?"

"தரைய சமன் பண்றதும்மா. ஜனங்க கூடற இடம் இல்லியா? மேடு பள்ளம் இருந்தா ஜனங்க விழுந்துடுவாங்களே."

எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். நீங்கள் இப்போது மனசுக்குள் ஒன்றை நினைத்தீர்களே, அதுதான்.

யூஜின் ஒரு பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் வாட்ச்மேனாக இருந்தவர். யார் எதற்கு வருகிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்வார். கட்டிலில் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"மாநாட்டுக்குத்தான போற? போயிட்டு வா. ஆனா கை மட்டும் தட்டாத."

"நான் எதுக்குங்க தட்டப் போறேன்?"

"தட்டுவ. பக்கத்துல இருக்கறவ தட்டுனா உனக்கும் கை தானா எழும்பும். நம்ம வாசல்ல மண்ணு அள்ளுனப்பவே பாத்தேனே."

சனிக்கிழமை காலை மனுவும் ஜெபமாலையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். துணைக்கு நாலாவது வீட்டு அமுதவல்லி. அமுதவல்லிக்குக் கட்சிப் பற்று கிடையாது, மாநாட்டுப் பற்று உண்டு. எந்தக் கட்சி கூட்டினாலும் போவாள். வீட்டில் அஞ்சு கட்சித் தொப்பி ஒரே ஆணியில் தொங்கும். காய் வாங்கும் பையில் முன்பக்கம் ஒரு தலைவர் சிரிப்பார், பின்பக்கம் அவருக்கு ஆகாதவர் சிரிப்பார். நடுவில் கத்தரிக்காய் இருக்கும்.

உழவர்கரைப் பக்கம் மைதானம். வாசலில் கழுத்து அட்டை கொடுத்தார்கள். குறை இல்லாதவர்களுக்குப் பச்சை அட்டை. அவர்களுக்கு ஃபேன் இருக்கும் பந்தல். குறை உள்ளவர்களுக்கு மஞ்சள் அட்டை.

"குறைன்னு ஏங்கா சொன்ன?" என்று அமுதவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். "இல்லன்னு சொல்லியிருந்தா காத்தாவது வந்திருக்கும்."

"மனு குடுக்கணும்ப்பா" என்றாள் பிரிஸ்கில்லா, மேசையில் இருந்தவரிடம்.

"தாராளமா குடுக்கலாம்மா. மூணு அரங்கத்துல உட்காந்து, அட்டையில மூணு முத்திரை வாங்கிட்டு வாங்க. அப்புறம் தலைவர் கையிலேயே குடுக்கலாம்."

"மனுவுக்கும் முத்திரைக்கும் இன்னாப்பா சம்பந்தம்?"

"அரங்கம் காலியா இருந்தா உங்க குறைய யாரும்மா மதிப்பாங்க?"

முதல் அரங்கத்தின் பெயர் 'செவிமடுப்போம்'. மக்கள் சொல்வதைத் தலைவர்கள் எப்படிக் காதுகொடுத்துக் கேட்கவேண்டும் என்பது பொருள். அதைத் தலைவர்கள் சொல்ல, மக்கள் கேட்கவேண்டும். மேடையில் முப்பத்தொரு பேர். சிறப்புப் பேச்சாளர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராக "அவர்களே, அவர்களே" என்று விளித்துக்கொண்டே வந்தார். இருபத்தேழாவது பெயரில் ஒரு தொகுதிச் செயலாளர் தாமதமாக மேடை ஏறினார். அவருடைய இடம் ஒன்பதாவது. இருபத்தெட்டாவதாகச் சொன்னால் அவர் மனம் புண்படும், கட்சி உடையும். ஆகவே முதலிலிருந்து தொடங்கினார். இருபதாவது பெயரில் மகளிரணிச் செயலாளர் ஒருவர் வந்தார், இவர் மறுபடியும் முதலிலிருந்து. ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து எல்லோரும் அவர்களே ஆகி முடிந்ததும், சீட்டு ஒன்று வந்தது. பேச்சாளர் அதைப் படித்துவிட்டு, "காலத்தின் அருமை கருதி என் உரையை இத்துடன் நிறைவு செய்கிறேன்" என்றார்.

பந்தலே அதிர்ந்தது. அமுதவல்லி எழுந்து நின்று தட்டினாள். பிரிஸ்கில்லாவின் கை இரண்டும் தானாகக் கிளம்பிப் பாதி வழி வந்துவிட்டன. சட்டென்று கூப்பி, ஜெபம் செய்வதுபோல் வைத்துக்கொண்டாள்.

"நல்லாப் பேசுனாரு இல்லக்கா?"

"இன்னாடி பேசுனாரு?"

"ஒருத்தர் பேரையும் விடலியே!"

இரண்டாவது அரங்கம் 'நாளைய நகரம்'. இப்போதெல்லாம் மாநாட்டில் இது ஒன்று இல்லாவிட்டால் அந்தக் கட்சியைப் பழைய கட்சி என்று சொல்லிவிடுகிறார்கள். குதிரைக்குக் கட்டுவதுபோல் கறுப்புக் கண்ணாடி ஒன்றை முகத்தில் மாட்டிவிட்டார்கள். மாட்டியதும் பிரிஸ்கில்லா "மாதாவே" என்றாள். அவள் சந்துதான். அவள் வீடுதான். வாசலில் பள்ளம் இல்லை. வழுவழுவென்று தார்ரோடு, ஓரத்தில் பூச்செடி, ஒரு கிழவர் சிரித்துக்கொண்டே சைக்கிளில் போனார்.

கண்ணாடியைக் கழற்றியபோது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"எப்படிம்மா?" என்றார் பொறுப்பாளர்.

"நல்லாருக்குது. இது எப்ப வரும்?"

"வந்துடுச்சேம்மா, இப்பதான பாத்தீங்க?"

"எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரிக்குப் போவணும். நெசப் பள்ளத்தத் தாண்ட முடியல."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அவருக்கும் ஒரு கண்ணாடி மாட்டி விடுங்களேன். தெரியவே தெரியாது."

மூன்றாவது 'மகளிர் குரல்'. மேடையில் பதினோரு ஆண்கள். பெண்கள் மேடைக்கு வரவேண்டும் என்று பதினோரு பேரும் ஒருவர்பின் ஒருவராக வற்புறுத்தினார்கள். மேடையில் ஒரு பெண்ணும் இருந்தார்; குத்துவிளக்குக்குத் தீப்பெட்டி எடுத்துக் கொடுத்தார். கீழே இரண்டு பெண்கள் பேச்சுக்கு நடுவில் ஏதோ கேட்க எழுந்தார்கள். தொண்டர்கள் ஓடிவந்து, "உஷ், மகளிர் குரல் நடக்குது, சத்தம் போடாதீங்க" என்று உட்கார வைத்தார்கள்.

மூன்று முத்திரையும் விழுந்தபோது மணி நாலு. பெரிய மேடைக்குப் பின்னால், கையில் ரசமட்டத்தோடு தெய்வசிகாமணி நின்றிருந்தார். மேடை ஒரு நூல் சாய்ந்திருக்கிறதோ என்று அவருக்குக் கவலை. பிரிஸ்கில்லா எல்லாவற்றையும் சொன்னாள்.

"சாரம் முட்டுச்சந்தா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அருமையான மண்ணும்மா அது! மேடைக்கு எங்கெங்கியோ தேடுனோம். உங்க மண்ணுதான் இறுகி நின்னுச்சு. தலைவர் இப்ப உங்க மண்ணு மேலதான் நிக்கப் போறாரு. பெருமைப்படுங்க."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"அப்ப குழாய் கிழாய் போடறதுக்குத் தோண்டலியா?"

"குழாய்க்குத் தோண்டணும்னா டெண்டர் விடணுமேம்மா."

பிரிஸ்கில்லா யாரையும் கடிந்து பேசிப் பழக்கமில்லாதவள். அன்றைக்குப் பேசினாள். "என் புருஷன் இடுப்ப ஒடச்சி மேடை கட்டியிருக்கீங்களே, உங்களுக்கு ராத்திரி தூக்கம் வருதா சார்?"

தெய்வசிகாமணி ரசமட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கூட்டம் முடியற வரைக்கும் மண்ண எடுக்க முடியாதும்மா, தலைவர் சாஞ்சிடுவாரு. அவரு கையில மனு குடுங்க. அவரு வாங்கிட்டாருன்னா நாளைக்கே மண்ணு உங்க வாசல்ல இருக்கும்."

வரிசையில் நின்றாள். மேடை ஏறியதும் ஒருவர் அவளுக்குச் சால்வை போர்த்தினார். தலைவர் மனுவை வாங்கிக் கண்ணில் ஒற்றினார், பிரிக்காமல் பின்னால் நீட்டினார். பின்னால் நின்றவர் அதைச் சாக்குக்குள் போட்டார். இறங்கப் போனவளை ஃபோட்டோக்காரர் கத்தி நிறுத்தினார். "அம்மா! கை சும்மா தொங்குது, படம் செத்தமாதிரி இருக்குது. தட்டுங்கம்மா!"

அவள் தயங்கினாள். படம் விழாவிட்டால் தலைவர் நகரமாட்டார். பின்னால் இருநூறு மஞ்சள் அட்டைகள் வெயிலில் காத்திருந்தன. திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டு, கண்ணை மூடித் தட்டினாள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடு திரும்பும்போது லாரி நின்றிருந்தது. தெய்வசிகாமணி சொன்ன சொல் தவறவில்லை. மண் வந்தது. மண்ணோடு கிழிந்த தோரணம், கரும்புச் சக்கை, பாக்குத் தட்டு, பத்துப் பன்னிரண்டு தொப்பி எல்லாம் வந்தன. அப்படியும் பள்ளம் நிரம்ப ஒரு முழம் குறைந்தது. லாரிக்காரர் சாக்குகளைக் கொண்டுவந்து கவிழ்த்தார். எல்லாம் மனுக்கள். ஓரத்தில் நின்ற பிரிஸ்கில்லா தன் கையெழுத்தைப் பார்த்துவிட்டாள். 'ஐயா, எங்கள் வாசலில்' என்பதுவரை தெரிந்தது, அதன்மேல் இன்னொரு சாக்கு விழுந்தது. பள்ளம் நிரம்பியது. மனு கொடுத்தால் பள்ளம் மூடும் என்பது ஒருவகையில் மெய்தான்.

சாயங்காலம் அமுதவல்லி ஒரு தாளோடு வந்தாள். தெருவே சேர்ந்து நன்றி பேனர் வைக்கிறதாம். முதல் கையெழுத்து உங்களுடையதுதான் அக்கா என்றாள். பிரிஸ்கில்லா சந்தோஷமாகவே போட்டாள். வாசலில் தரை இருந்தது. அதற்குமேல் அவளுக்கு என்ன வேண்டும்?

திங்கட்கிழமை எட்டு மணிக்கு யூஜினுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, கதவைத் திறந்தாள்.

வாசலை அடைத்துக்கொண்டு பேனரின் முதுகு தெரிந்தது. பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். கீழே பள்ளம். ஆறடி.

"விடியகாலமே வந்து வெச்சாங்கக்கா!" அந்தப் பக்கத்திலிருந்து அமுதவல்லி கூவினாள். "எங்க பள்ளம் இருந்துச்சோ அங்கதான நன்றி சொல்லணும்? புது மண்ணுல கம்பம் நிக்கலியாம். அதனால ஆறடி தோண்டி சிமெண்ட்டுல நட்டிருக்காங்க. காயல, தொட்டுடாதீங்க. பத்தரைக்குத் தலைவரே வந்து திறக்கறாரு!"

"ஒன்பதுக்கு டாக்டர்டி! தோண்டுன மண்ணு எங்க?"

"லாரி அப்பவே அள்ளிடுச்சு. அடுத்த வாரம் நன்றி அறிவிப்புக் கூட்டமாம், அந்த மேடைக்கு. ஒரு கூடைகூடச் சிந்தலக்கா! தெருவே கைதட்டுச்சு."

பிரிஸ்கில்லா கமலக்கண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் பொறுமையாகப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "உங்க வாசல்ல பேனர் எதுவும் இல்லையேம்மா. திறந்தாத்தான் பதிவுல ஏறும். ஏறினாத்தான் எடுக்கச் சொல்ல முடியும்."

காலை வெயில் பேனரின்மேல் விழுந்து, படங்கள் முதுகுப் பக்கமும் தெரிந்தன. நடுவில் தலைவர். அவர் காலடியில் தெரு ஜனங்கள். எல்லோருக்கும் முன்னால் சால்வை போர்த்திய ஒருத்தி.

யூஜின் நாற்காலியில் இருந்தபடி ரொம்ப நேரம் அதையே பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது அடித்தது.

"கை தட்டுனியா, பிரிஸ்கி?"

அவள் கை இரண்டையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். பன்னிரண்டடிப் படத்தில், கண்ணை மூடிக்கொண்டு, அவள் இன்னும் தட்டிக்கொண்டேதான் இருந்தாள்.