அதை மட்டும் தொடாதீங்க

'அதை மட்டும் தொடாதீங்க' ஆசாமியை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பழைய சாஃப்ட்வேர் ஓடுகிற அலுவலகம் எதிலும் இந்த இனம் செழித்து வளரும். நான் சொல்லப்போகிறவர் ஒரு பெரிய கம்பெனியின் வரிக் கணக்குச் சாஃப்ட்வேரைக் கட்டிக் காப்பவர். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்த ஊழியர்தான். நடையைப் பார்த்தால் கட்டடமே அவர் தோளில் நிற்கிறதோ என்று தோன்றும்.

புதிதாக வேலைக்கு வந்த பெண் அந்த சாஃப்ட்வேரின் ஒரு பகுதியைத் திரையில் காட்டி, "இந்தப் பகுதி எதுக்கு சார்? எங்கேயும் பயன்படுற மாதிரியே தெரியலையே" என்று கேட்டாள். அவர் காபியைக் கீழே வைத்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், பெருமூச்சு விட்டார்.

"அதை மட்டும் தொடாதீங்கம்மா."

"தொட்டா என்ன ஆகும் சார்?"

"தொட்டாத் தெரியும்."

இவருக்குத் தெரியுமா? தெரியாது. இவருக்கு முன்னால் இருந்தவர் சொல்லிவிட்டுப் போனார். அவரும் தொட்டதில்லை.

இந்தப் பயபக்தியில் மனுஷன் லீவே போட மாட்டார். கடைசியில் குடல்வால் போட்ட லீவுதான். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதும் போனை விடவில்லை.

"நான் வர்ற வரைக்கும் யாரும் அதை..."

மனைவி போனைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். "முதல்ல டாக்டர் உங்க வயித்தைத் தொடட்டும்!"

அந்த வாரம் பார்த்து வரி விகிதம் மாறியது. வேறு வழியில்லாமல் அந்தப் பெண் கை வைத்தாள். வைத்த கையோடு அந்தப் பகுதியைத் தூக்கியே எறிந்தாள். கணக்கு சரியாக வந்தது. முன்னைவிடச் சீக்கிரமாகவும் வந்தது.

அலுவலகம் அல்லோலகல்லோலப்படும் என்று வயிற்றைப் பிடித்தபடி திரும்பி வந்தவர், எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டார். தையலைவிட அதுதான் வலித்தது. ஒப்பந்தம் போச்சு என்று முடிவு கட்டிக்கொண்டு மேலாளர் அறைக்குள் நுழைந்தார்.

"வாங்க வாங்க! ஏதாவது ஆனா நீங்க இருக்கீங்களேங்கிற தைரியத்துலதான் கை வெச்சோம்" என்று மேலாளர் புது ஒப்பந்தத்தை நீட்டினார்.

வாங்கிக்கொண்டு நேரே அந்தப் பெண்ணிடம் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உண்மையைச் சொல்லும்மா. அது என்னதான் பண்ணிட்டிருந்தது?"

"ஒண்ணுமே பண்ணலை சார்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. தையல் சிரிக்க விடவில்லை.

நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அது கிடக்கட்டும், உங்கள் வீட்டு ஸ்விட்ச் போர்டில் ஒரு ஸ்விட்ச்சை மட்டும் யாரையும் போட விடுவதில்லையாமே? அது எதற்கு?