மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்

ஐயாதுரை சார் வாழ்க்கையில் பொய் சொன்னதில்லை. இதை அவரே சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார். ஆகையால், மனைவியின் பரீட்சை விண்ணப்பம் நேரத்துக்குப் போய்ச் சேரக் கூடாது என்று தீர்மானித்தபோது, அதையும் ஒரு பொய்கூடச் சொல்லாமல் நிறைவேற்றுவது என்று உறுதி எடுத்துக்கொண்டார்.

1988 டிசம்பர். ராஜபாளையத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அவர் சயன்ஸ் வாத்தியார். அவர் மனைவி செல்லக்கனி ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டியவள். செட்டியார்பட்டியில் பால்வாடி டீச்சர் வேலை ஒன்று வரப்போகிறது, பத்தாவது பாஸ் செய்திருந்தால் போதும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து தனியாகப் பத்தாவது எழுதப்போகிறேன் என்று நிற்கிறாள்.

அவளால் முடியாது என்று சாரால் சொல்ல முடியவில்லை. அதற்குக் காரணம் அந்த வீட்டின் வழக்கம். பரீட்சைத் தாள்களை அவர் திருத்துவார். செல்லக்கனி மார்க்கைக் கூட்டிப் போடுவாள். பதினொரு வருஷமாக இப்படித்தான். திசைவேகக் கணக்கைத் தப்பாகப் போட எத்தனை வழி உண்டோ அத்தனையும் அவளுக்கு அத்துபடி. மிச்சம் இருந்த ஒரு வழி சரியான வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளே கண்டுகொண்டாள்.

"விடை சரியாத்தான இருக்கு, இதுக்கு எதுக்கு அரை மார்க்கு குறைச்சிருக்கீக?" என்பாள்.

"அலகு எழுதலயே. பன்னண்டுன்னா என்ன பன்னண்டு? கத்திரிக்காயா?"

"சின்னப் புள்ளைக. ஒரு அரை மார்க்குல உங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

சாருக்கு என்ன குறைந்து போயிற்று என்பது டிரங்குப் பெட்டியில், கல்யாண வேட்டிக்கு அடியில் இருந்தது. அவருடைய எஸ்.எஸ்.எல்.சி. மார்க் பட்டியல். சயன்ஸில் ஐம்பத்தொன்று. அதை இதுவரை யாருக்கும் காட்டியதில்லை. செல்லக்கனி தோற்றால் அவருக்கு வருத்தம்தான். ஆனால் அவள் ஐம்பத்திரண்டு வாங்கிவிட்டால்? அந்தப் பெட்டியை வருஷா வருஷம் துடைத்து அடுக்குவது யார் என்று மட்டும் அவர் யோசித்ததே இல்லை.

இன்னும் கையெழுத்து வேண்டும், முத்திரை வேண்டும் என்று விண்ணப்பத்தைக் கடைசி நாள் வரை இழுத்தாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர் கல்வி ஆபீசில் அதை நானே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று முந்தின நாளே வாக்கும் கொடுத்தாயிற்று. மறுநாள் காலை, அரையாண்டுத் தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தவர், கைக்குக் கிடைத்த ஒரு தாளின் கடைசி வெற்றுப் பக்கத்தில் கணக்கை முறையாகப் போட்டார். முறையில்லாமல் போட அவருக்கு வராது.

கொடுக்கப்பட்டவை: தூரம் 12 கி.மீ. வேகம் மணிக்கு 12 கி.மீ. புறப்படும் நேரம் 3.30. ஆபீஸ் மூடும் நேரம் 5.00.

நேராகப் போனால் நாலரைக்கே சேர்ந்துவிடும். மெதுவாக மிதித்தால்? பத்து நிமிஷம் தாமதமாக வேண்டுமானால் மணிக்கு 7.2 கிலோமீட்டர். அந்த வேகத்தில் அவர் சைக்கிள் ஆடும். ஆகவே பாதி வழியில், ராக்கப்பன் டீக்கடையில், நாற்பது நிமிஷ ஓய்வு. விடை: 5.10. அடியில், 'பால்கோவா கால் கிலோ, ஆறுதலுக்கு' என்றும் எழுதினார். இரக்கமில்லாத மனிதர் அல்ல.

விடைக்கு நேரே ஒரு டிக் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். நாற்பத்திரண்டு தாள்களும் வழக்கம்போல மார்க் கூட்டுவதற்கு அடுப்படிக்குப் போயின.

மூன்றரை மணிக்கு செல்லக்கனி ஒரு நீளக் கவரைச் சோற்றுப் பசையால் ஒட்டிக் கொண்டுவந்தாள்.

"நான் வேணா பஸ்ஸுல போயிட்டு வந்துருதேனே?"

"நீ எதுக்குட்டி அலையணும்? பஸ்ஸ நம்ப முடியாது. சைக்கிள்னா நம்ம கையில இருக்கு."

"நேரா ஆபீசுக்குத்தான போவீக?"

"ஆபீசுக்குத்தான் போறேன்." இது உண்மை.

"வழியில எங்கயும் நிக்க மாட்டீகளே?"

சார் இருமினார். "நாக்கு வறண்டா ஒரு டீ குடிப்பேன். மனுசன்தான?"

"குடிங்க, குடிங்க. செத்த நேரம் உக்காந்தே குடிங்க. ஒடம்பு முக்கியம்."

இவ்வளவு அன்பாக அவள் பேசி நாளாயிற்று. சாருக்குக் கொஞ்சம் உறுத்தியது. கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மிதித்தார். வாடைக்காற்று நேர் எதிரே அடித்தது. சரியாக நாலு மணிக்கு ராக்கப்பன் டீக்கடையில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே புழுதியைக் கிளப்பிப் போயிற்று. சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், என்ன இந்தப் பக்கம்?" என்றான் ராக்கப்பன்.

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. வீட்டுல பத்தாவது எழுதணுங்கா. இன்னிக்குக் கடைசி நாளு, அதான் நானே கொண்டு போறேன்."

ராக்கப்பன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டான். "பொண்டாட்டி படிப்புக்காகவா இம்புட்டுத் தூரம் சைக்கிள் மிதிக்கீக? எம் பொண்டாட்டி கேட்டிருந்தா நான் வாசப்படி தாண்டியிருக்க மாட்டேன். நீங்க மனுசன் சார்!"

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் திரும்பி சாரை மரியாதையாகப் பார்த்தார்கள். ஒருவர் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார். ராக்கப்பன் கேட்காமலே இரண்டாவது டீ கொண்டுவந்து வைத்தான். சார் அதைத் தொடவில்லை.

விண்ணப்பத்துக்காகச் செல்லக்கனி எடுத்துக்கொண்ட போட்டோ ஞாபகத்துக்கு வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணை அகல விழித்து உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதமாகக் காலண்டர் தாளின் பின்பக்கமெல்லாம் கையெழுத்துப் பழகியிருந்தாள். ஐ. செல்லக்கனி. ஐ. செல்லக்கனி. அந்த 'ஐ' அவர் பெயர்தான். அவருக்கு வெட்கமாக இருந்தது. பெரிய வெட்கம். பொய் சொல்லவில்லை என்பது அந்த நேரத்தில் ஒரு பிரயோஜனமும் இல்லாத விஷயமாகத் தெரிந்தது.

கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபது. எழுந்துவிட்டார்.

"சார், டீ அப்படியே இருக்கு!"

"நேரமாச்சு ராக்கப்பா!"

வாழ்க்கையில் அவர் அப்படி மிதித்ததில்லை. காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. கோபுரம் தெரிகிற இடத்தில் செயின் கழன்றது. ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையும் கறுப்பாக, ஆண்டாளுக்கு நேர்ந்துகொண்டு மாட்டினார். மாட்ட ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஆபீஸ் ஜன்னலில் போய் நின்றபோது மணி நாலு ஐம்பத்தைந்து.

"நேரம் இருக்குல்ல? இருக்குல்ல?" என்று கவரை நீட்டினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தான் நல்லவன் என்பதை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாக உணர்ந்தார்.

கிளார்க் வேல்சாமி கவரைக் கிழித்துத் தாளை விரித்துப் பார்த்தான். "சார், இது விண்ணப்பம் இல்லையே. பரீட்சைப் பேப்பருல்லா இது!"

"என்னது?"

"விண்ணப்பம் அப்பமே குடுத்தாச்சு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

வராந்தா பெஞ்சில் செல்லக்கனி உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் ரசீது. மடியில் ஒரு சின்னப் பொட்டலம்.

"பால்கோவா," என்றாள். "கால் கிலோ. நீங்க எழுதி வச்சிருந்தீகளேன்னு நானே வாங்கிட்டேன்."

சார் தாளைப் பார்த்தார். மேலே அவருடைய கணக்கு, அவருடைய டிக்கோடு. கீழே, மார்க் கூட்டுகிற பென்சிலால், செல்லக்கனியின் எழுத்து.

(அ) சைக்கிள் 3.30-க்குப் புறப்படுகிறது, வேகம் மணிக்கு 12 கி.மீ. பஸ் 3.50-க்குப் புறப்படுகிறது, வேகம் மணிக்கு 36 கி.மீ. பஸ் எங்கே முந்தும்? விடை: 6 கி.மீ. தூரத்தில், 4.00 மணிக்கு, ராக்கப்பன் டீக்கடை வாசலில்.

அந்தப் புழுதி இப்போதுதான் சாரின் கண்ணுக்குள் போயிற்று.

"செல்லக்கனி, நான் நெனச்சது நெசந்தான். ஆனா பாதியில மனசு கேக்கல. நாப்பது நிமிசம் உக்காரல. எந்திரிச்சு ஓடியாந்துட்டேன். சத்தியமா!"

"தெரியும்," என்றாள் அவள். "அடுத்தத வாசிங்க."

(ஆ) டீக்கடையில் 40 நிமிஷம் இருப்பதாக எண்ணம். ஆனால் அவிய மனசு 20 நிமிஷத்துக்கு மேல் தாங்காது. எதிர்க்காற்று, அவசரப்பட்டாலும் அதே வேகம்தான். ஆபீசுக்கு எத்தனை மணிக்கு வருவாக? விடை: 4.50 மணி.

சார் நிமிர்ந்தார். பதினொரு வருஷத்தில் பிடிக்க முடியாத அவள் தப்பு ஒன்றைப் பிடித்துவிட்ட சந்தோஷம் முகத்தில்.

"தப்பு! நான் வந்தது நாலு அம்பத்தஞ்சு! அஞ்சு நிமிசம் தப்பு!"

செல்லக்கனி அவர் கையைப் பார்த்தாள். கறுப்பாக இருந்தது.

"செயின் கழண்டுச்சாக்கும்? லூசா கெடக்கு, கடையில குடுத்து இறுக்குங்கன்னு மூணு மாசமாச் சொல்லுதேன். அது என் கணக்குத் தப்பா, உங்க சைக்கிள் தப்பா?"

வேல்சாமி ஜன்னலைச் சாத்தாமல் கையைக் கன்னத்தில் வைத்து நின்றான். சார் விடைகளை மறுபடி படித்தார். அலகு இருக்கிறதா என்று தேடினார். எல்லா இடத்திலும் இருந்தது. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். (அ)-வுக்கு ஐந்து. செத்த நேரம் யோசித்து, (ஆ)-வுக்கும் ஐந்து. பிறகு, பழக்கதோஷம், தாளை அவள் பக்கம் நீட்டினார்.

செல்லக்கனி கூட்டிப் போட்டாள். வட்டமும் போட்டாள்.

"பத்துதான்," என்றாள். "அம்பத்தொண்ணுக்கு இன்னும் நாப்பத்தொண்ணு கெடக்கு. பயப்படாதீக."