அடுத்த சிப் வரும்வரை

"அடுத்த தலைமுறை சிப் வெளிவரும்வரை இந்த வீட்டுக்குள் புதிதாக ஒரு கம்ப்யூட்டரும் நுழையாது!"

சாப்பாட்டு மேஜையில் வைத்து இதைப் பிரகடனம் செய்தேன். பிரகடனம் என்பதால் மேடைத் தமிழில் செய்தேன். பேச்சுத் தமிழில் சொன்னால் வீட்டில் எடுபடாது. மேடைத் தமிழிலும் எடுபடவில்லை. என் மனைவி தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "சாப்பிடும்போது பேசாதீங்க, புரையேறும்" என்றாள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பகலில் ஒரு குழாய் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அது வயிற்றுக்காக. மற்ற நேரத்தில் நான் ஒரு தீர்க்கதரிசி. இனிமேல் வரப்போகிற கம்ப்யூட்டர்களைப் பற்றி இணையத்தில் ஒரு குழு நடத்துகிறேன். எந்த சிப் எப்போது வரும், எந்த லேப்டாப்பில் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், மெமரி விலை ஏறுமா இறங்குமா என்று கம்பெனிக்காரனுக்கே தெரியாததெல்லாம் எனக்குத் தெரியும். ஆதாரத்துக்கு ஒரு மங்கலான படம் போதும். சிப் கம்பெனியில் வேலை பார்க்கும் யாரோ ஒருவருடைய மச்சான் எங்கோ வாய் தவறி உளறியது கிடைத்தால் இன்னும் விசேஷம்.

குழுவில் நாலாயிரம் பேர். அத்தனை பேருக்கும் நான் சொல்லும் உபதேசம் ஒன்றுதான். "காத்திருங்கள். இப்போது வாங்குகிறவன் ஏமாளி." நாலாயிரம் பேரும் காத்திருந்தார்கள். எதிர்வீட்டுப் பல் டாக்டர் மூன்று வருடமாகக் காத்திருந்தார். அவருடைய லேப்டாப்பில் பாதி எழுத்துகள் விழாது. மாதம் ஒருமுறை படியில் மடக்கி, "சார், ஒண்ணு வாங்கிடட்டுமா?" என்பார்.

"டாக்டர், கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க" என்பேன்.

வெளியே இத்தனை பேர் கேட்கிற பேச்சு வீட்டுக்குள் செல்லாது என்றால் எந்த மனிதனுக்கும் எரியும். எனக்கும் எரிந்தது.

எங்கள் வீட்டில் ஒரே அறையில், எதிரெதிர்ச் சுவரோரம், இரண்டு மேஜைகள். என் மேஜையில் என் மெஷின். ஆளுயரத்தில் பாதி இருக்கும் கறுப்புப் பெட்டி. வாங்கிய காலத்தில் இந்தத் தெருவிலேயே அதை மிஞ்சிய மெஷின் கிடையாது. தினமும் காலையில் அதைக் கண்ணாடி துடைக்கிற துணியால் நானே துடைப்பேன். உள்ளே இருக்கும் வேகத்துக்கு ஒரு சினிமாவே எடுக்கலாம். நான் அதில் வதந்தி படித்தேன்.

அவள் மேஜையில் இருந்ததும் கறுப்புப் பெட்டிதான், ஆனால் ஏதோ ஆபீஸில் கழித்துக் கட்டியது. அதில்தான் அவள் வேலை பார்த்தாள். ஒரு கட்டடக்கலை நிபுணர் அம்மாவுக்கு வீட்டு வரைபடங்கள் போட்டுக் கொடுப்பாள். ஒரு சுவரைத் தள்ளி வைக்கச் சொன்னால் அந்த மெஷின் ரொம்ப நேரம் யோசிக்கும். அந்த இடைவெளியில் அவள் போய்த் துணி காயப்போட்டுவிட்டு வருவாள். வந்து பார்த்தால் சுவர் பாதி தூரம் நகர்ந்திருக்கும்.

பிரகடனத்துக்குக் காரணமே அந்த அம்மாதான். ஒரு பெரிய குடியிருப்பு வேலை வந்திருக்கிறது. இன்னும் கட்டாத வீட்டுக்குள் வாடிக்கையாளர் நடந்து போய்ப் பார்ப்பதுபோல் ஓடும் படம் செய்ய வேண்டும். மாதக் கடைசிக்குள் ஒரு மாதிரி செய்து காட்டினால் மொத்த வேலையும் இவளுக்கு. இல்லையென்றால் வேறு ஆளுக்கு.

"என்னங்க, இந்த மெஷின்ல அது ஓடவே ஓடாது. ஒரு புது மெஷின் வாங்கிடலாமா?"

"இப்பவா? பைத்தியமா உனக்கு? அடுத்த சிப் வாசல் வரைக்கும் வந்தாச்சு."

"போன வருஷமும் வாசல்லதானே நின்னுச்சு?"

"அது வேற சிப்பு."

"சரி, வாங்க வேண்டாம். உங்களோடதைக் குடுங்க. மாசக் கடைசி வரைக்கும் நான் அதுல வேலை பார்த்துக்கறேன். நீங்க சும்மா படிக்கத்தானே செய்றீங்க?"

"சும்மா படிக்கிறேனா? நாலாயிரம் பேரு என்னை நம்பி இருக்காங்க!"

"நான் உங்களை நம்பி இல்லையா?"

இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது என்று அனுபவம் சொன்னது. பேச்சை மாற்றினேன்.

"அதுல என்னோட செட்டிங்ஸ் எல்லாம் இருக்கு. கை பட்டா கலைஞ்சு போயிடும்."

"அப்ப நான் என்ன பண்றது?"

"காத்திரு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, "சரிங்க, காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

அதோடு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒரு முணுமுணுப்பு இல்லை, பாத்திரம் உருட்டுகிற சத்தம்கூட இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் ஜெயித்த முதல் வழக்கு அது. ஜெயித்தவன் எதிராளி ஏன் இவ்வளவு சாந்தமாக இருக்கிறாள் என்று யோசிக்க வேண்டாமா? நான் யோசிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அந்த வாரக் கடைசியில் கம்பெனி என்னை வெளியூர்க் கிளைக்குக் கணக்குப் பார்க்க அனுப்பியது. திரும்பி வந்து ஆசையாக என் மெஷினைத் திறந்தேன். அது திறப்பதற்குள் குளித்துவிட்டு வந்தேன். இன்னும் திறந்துகொண்டிருந்தது.

"என்ன இது, இப்படி இழுக்குது?"

"வயசாகுதில்லங்க" என்றாள் அவள், தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வேறு எவனாவது இருந்தால் பயந்திருப்பான். எனக்குப் பொறி தட்டியது. நேற்றுவரை பறந்த மெஷின் இன்று ஏன் நொண்டுகிறது? புது சிப்பை விற்க வேண்டும். அதற்குப் பழையதை ரகசியமாக மெதுவாக்குகிறார்கள்! அப்படியென்றால் புதுசு வரப்போவது உறுதி! அன்றே குழுவில் எழுதினேன். "நண்பர்களே, நேரம் நெருங்கிவிட்டது. என் மெஷினே சாட்சி." நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். அதை அனுப்புவதற்குள் என் மெஷின் இரண்டு முறை உறைந்து போனது. ஒவ்வொரு முறை உறையும்போதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எதிர்ச் சுவரில் அவளுடைய மெஷின் சத்தமில்லாமல் ஓடியது. சுவர்கள் சொன்ன பேச்சைக் கேட்டு நகர்ந்தன. ஒரு கதவு திறந்தது, ஒரு ஜன்னலில் வெயில் வந்து விழுந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"உன்னோடது நல்லா ஓடுதே?"

"நீங்க ஒரு தடவை சொன்னீங்கல்ல, உள்ளே தூசி அடைச்சுக்கும், திறந்து சுத்தம் பண்ணணும்னு. பண்ணினேன்."

"பார்த்தியா! இதுக்குப் போய்ப் புது மெஷின் வேணும்னியே!"

"நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

இந்த வாக்கியத்தை எந்தக் கணவனும் வாழ்நாளில் ஒருமுறையாவது கேட்க வேண்டும். கேட்ட மயக்கத்தில் அதையும் குழுவில் எழுதினேன். "முறையாகத் தூசி தட்டினால் கழித்துக் கட்டிய மெஷினும் ஓடும். என் வீட்டிலேயே நிரூபித்திருக்கிறேன்."

மாதக் கடைசியில் அவள் மாதிரியைக் கொடுத்தாள். மொத்தக் குடியிருப்பு வேலையும் அவளுக்கே வந்தது. அந்த அம்மா போனில் சந்தோஷத்தில் கத்தியது எனக்கே கேட்டது. நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன். எல்லாம் என் தூசி யோசனைதானே?

குழுவில் ஒரு சந்தேகப் பிராணி இருந்தார். எதை எழுதினாலும் ஆதாரம் கேட்பார். அவர் இப்படி எழுதினார். "அண்ணே, உங்க மெஷின் இழுக்குதுன்னு சொல்றீங்க. எங்க யாரோடதும் இழுக்கலை. மூடியைத் திறந்து காட்டுங்க, பார்ப்போம்."

மானப் பிரச்சினை ஆகிவிட்டது. நேரடி ஒளிபரப்பிலேயே திறந்து காட்டுகிறேன் என்று அறிவித்தேன். ஞாயிற்றுக்கிழமை பகல். பல் டாக்டர் சாட்சியாக வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அலமாரியிலிருந்து என் திருப்புளிப் பெட்டியை எடுத்தேன். வரப்போகும் மெஷினுக்காக வெல்வெட் உறையோடு வாங்கி வைத்தது, நான் ஒருமுறைகூடத் தொடாதது. அதில் ஒரு திருப்புளி தலைகீழாகச் செருகப்பட்டிருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

போனை நிறுத்தி வைத்து, ஒரு சின்ன உரை ஆற்றிவிட்டு, மூடியைக் கழற்றினேன்.

உள்ளே இருந்த கார்டை எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாத கார்டா? குனிந்து பார்த்தேன். அதன்மேல் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். ஏதோ ஒரு ஆபீஸின் சொத்து எண். கீழே சிவப்பு மையில் 'கழிவு' என்று எழுதியிருந்தது.

போனில் செய்திகள் கொட்டின. "அண்ணே, இது நான் காலேஜ் படிக்கும்போது வந்த கார்டாச்சே!" "இதுலயா அண்ணே எங்களுக்குக் குறி சொல்லிட்டிருந்தீங்க?" சந்தேகப் பிராணி ஒன்றும் எழுதவில்லை. சிரிக்கிற பொம்மையை வரிசையாக அனுப்பிக்கொண்டே இருந்தார்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். டாக்டர் எழுந்து, "கிளினிக்ல ஆள் காத்திருப்பாங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கிளினிக் கிடையாது.

அவர் போனதும் அவள் பக்கம் திரும்பினேன். "நீதானா?"

"ஆமாங்க" என்றாள். மறைக்கக்கூட இல்லை.

"என் மெஷினை எடுத்துட்டியா!"

"மெஷினை எடுக்கலையே. பெட்டி உங்களோடதுதான், அப்படியே இருக்கு. பெட்டியை மாத்தினா உடனே கண்டுபிடிச்சிருப்பீங்க. அதைத்தானே தினமும் துடைக்கிறீங்க. உள்ளே இருந்ததை மட்டும்தான் மாத்தினேன். உங்க ஹார்ட் டிஸ்க்கையும் தொடலை. செட்டிங்ஸ் கலைஞ்சு போயிடும்னு சொன்னீங்கல்ல?"

"உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"நீங்கதான் தினமும் சாப்பிடும்போது சொல்றீங்களே. எந்தக் கார்டு எங்க செருகணும், எந்த ஒயரை முதல்ல கழட்டணும், சிப்பு மேல பசை எவ்வளவு தடவணும்னு. நான் கேட்டுக்கிட்டுத்தாங்க இருந்தேன்."

அதுதான் எனக்கு வலித்தது. நாலாயிரம் பேருக்குச் சொன்னேன். அதில் ஒருவன் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. வாயை மூடிக்கொண்டு கேட்டவள் ஒருத்திதான். அவளை நான் தண்ணீர் எடுத்து வைக்கிற ஆளாகத்தான் நினைத்திருந்தேன். மெஷினில் ஒரு இடத்தில் அமுக்கினால் உள்ளே என்ன சிப் என்று அதுவே சொல்லும். அதையும் நாலாயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். ஆனால் நான் அமுக்கிப் பார்க்கவில்லை. வராத சிப்பை மோப்பம் பிடித்தவனுக்கு, மடியிலிருந்து போன சிப் தெரியவில்லை.

ஆனாலும் விடவில்லை. "நான்தான் தரமாட்டேன்னு சொன்னேனே?"

"எப்பங்க சொன்னீங்க? காத்திருன்னுதான் சொன்னீங்க. காத்திருந்தேன். நீங்க ஊருக்குப் போற வரைக்கும்."

இருந்த கௌரவத்தைத் திரட்டி, "திருப்பிக் குடு" என்றேன்.

"வேலை பாதியில நிக்குதே. இப்பக் குடுக்க முடியாதுங்க. வேணும்னா என் பணத்துல உங்களுக்கு ஒரு புது மெஷினே வாங்கித் தரேன். நல்லதாவே வாங்குவோம்."

என் முகம் மலர்ந்திருக்க வேண்டும். அவள் அதைப் பார்த்துவிட்டுத் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆனா இப்ப வேண்டாம். அடுத்த சிப் வாசல்ல நிக்குதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? இப்ப வாங்கினா உங்களை ஏமாளின்னு சொல்லிடுவாங்க. காத்திருங்க."

அந்த சிப் மறுபடியும் தள்ளிப் போய்விட்டது. இந்த முறை நான் கணிக்கவில்லை, கம்பெனியே அறிவித்தது. பல் டாக்டர் என் மனைவியிடம் யோசனை கேட்டு அன்று சாயங்காலமே ஒரு லேப்டாப் வாங்கிவிட்டார். எல்லா எழுத்தும் விழுகிறதாம். என்னைப் படியில் பார்த்தால் வணக்கம் மட்டும் சொல்கிறார். குழுவிலும் ஆளாளுக்கு வாங்கிவிட்டு, படம் போட்டுவிட்டு, வெளியேறிவிட்டார்கள். கடைசியாகப் போனவர் சந்தேகப் பிராணி. அவர் போனபோதுதான் மனசு சங்கடப்பட்டது.

ஆக, என் பேச்சைக் கேட்டு இன்னும் காத்திருப்பவன் இந்த உலகத்தில் ஒரே ஒருவன்தான். அவனும் மெஷின் திறப்பதற்குள் துணி காயப்போட்டுவிட்டு வந்துவிடுகிறான்.