சுற்றிக்கொண்டே இருந்த வட்டம்

இந்த இலையுதிர்காலத்தில் ஒரு குடமிளகாயைக்கூடத் தொடுவதில்லை என்று வெலிமிர் சபதம் எடுத்திருந்தான். லெஸ்கோவாட்ஸ் ஊரில் செப்டம்பர் வந்தால் வானமே தெரியாது. வீட்டுக்கு வீடு மிளகாய் சுடும் புகை. சுட்டதையெல்லாம் உட்கார்ந்து தோலுரிக்க வேண்டும். குளிர்காலத்துக்கான அய்வார் என்ற மிளகாய் விழுதைக் கிண்டி ஜாடிகளில் அடைக்கிற வரை மனைவி ரூஷா யாரையும் விடமாட்டாள்.

தப்பிக்க அவனுக்குக் கிடைத்த துணை, அவன் மனதார வெறுத்த ஒன்று. ஒரு பட்டறைக்காக வீட்டிலிருந்தே அவன் படிக்கட்டுப் படம் வரைகிற மென்பொருளின் புதிய பதிப்பு! முன்பெல்லாம் திறந்த கையோடு கோடு போடலாம். இப்போதோ வெயில் எந்தப் பக்கம் விழும், கைப்பிடிக்கு எவ்வளவு பளபளப்பு என்று யாரும் கேட்காத வசதிகளையெல்லாம் அது ஏற்றி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். அவனுக்கு வாழ்க்கையே ஆறிப்போன மாதிரி இருக்கும். உலகம் உருப்படாது என்பதற்கு அவன் காட்டும் முதல் சாட்சி அதுதான்.

நல்லவேளையாகப் பழைய பதிப்பை ஒளித்து வைத்திருந்தான். காலையிலேயே அதில் வேலையை முடித்துவிடுவான். பிறகு புதியதைத் திறந்துவிட்டு, திரையில் சுற்றும் வட்டத்தை எழவு வீட்டில் உட்கார்ந்தவன் போலப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"வெல்யா, கீழ வா. மிளகாய் ஆறுது." கீழேயிருந்து ரூஷாவின் குரல்.

"எப்படி வர்றது? இன்னும் தொறக்கவே இல்ல. பட்டறைக்காரன் நாளைக்கே படம் கேக்குறான்."

ரூஷா மேலே வந்தாள். "எப்பலேர்ந்து சுத்துது?"

"காலைலேர்ந்து. நான் எழுந்து போனா செத்துரும். மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"நீ பக்கத்துல இருந்தா சாகாதாக்கும்?"

"பாத்துக்கிட்டே இருக்கணும் ரூஷா. என் தலையெழுத்து."

அவள் இறங்கிப் போனாள். ஜெயித்துவிட்டோம் என்று அவன் காலை நீட்டினான். திரும்பி வந்தவள் ஒரு பெரிய பேசின் நிறைய மிளகாயை அவன் மடியில் வைத்தாள்.

"பாக்கறதுக்குக் கண்ணு போதும்ல? கை சும்மாதானே இருக்கு?"

அந்த வாரம் முழுக்க வட்டம் சுற்றியது, வெலிமிர் உரித்தான். நகமெல்லாம் கரி. சனிக்கிழமை அவனால் தாங்க முடியவில்லை.

"ரூஷா! சரி பண்ணிட்டேன்! தட்டினதும் தொறக்குது. நீயே பாரேன்!"

பழைய பதிப்பைத் திறந்தான். அவள் கண் முன்னாலேயே ஒரு படிக்கட்டை மளமளவென்று வரைந்தான். "அரை மணியில படம் ரெடி. இனிமே காத்துக் கிடக்கிற பேச்சே இல்ல. பேசினைத் தூக்கு."

"நெஜமாவா? அரை மணி போதுமா?"

"போதும்!"

"அப்ப மிச்சப் பொழுதெல்லாம் சும்மாதான்." அவள் ஜன்னலைத் திறந்து பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "டோப்ரிலா! உன் மிளகாய் மூட்டையையும் இங்கயே அனுப்பு. எங்க ஆளு ஃப்ரீயாயிட்டான்!"

ஜன்னல் வழியாகப் புகை உள்ளே வந்தது. இந்தக் குளிர்காலம் வரவே வேண்டாம் என்று வெலிமிருக்குத் தோன்றியது. ரூஷா வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"அப்புறம் வெல்யா, அந்தப் பழசை எதுக்குத் தெனமும் ஒளிச்சு வைக்கிற? பாவம், காலையில அதுதானே எல்லா வேலையும் பாக்குது."